தாடையில் வைக்கப்படும் எலும்பு யாருடையது?

தொண்டைமானாறு என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் பேசும் மக்களின் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, ஆற்றங்கரையில் அமைந்துள்ள செல்வச்சந்நிதி முருகன் ஆலயம். மற்றையது, வெளிக்கள நிலையம். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் மொழியில் தோற்றும் விஞ்ஞானப் பிரிவு மாணவர்களில் அந்நிலையத்தின் வினாத்தாள்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் மிகச் சிலராகவே இருப்பர். எலும்பு என்பது உயிரற்ற தூண் அல்ல, அது நாள்தோறும் கரைந்தும் மீளக் கட்டப்பட்டும் வருகின்ற உயிருள்ள இழையம் என்பதை எமது பிள்ளைகள் பதினெட்டுப் பத்தொன்பது வயதிலேயே எழுதிப் புள்ளிகளைப் பெற்றுக்கொள்கின்றனர்.

ஆனால், அதே ஆற்றங்கரைக் கிராமங்களிலும், அவற்றைப் போன்ற எமது ஏனைய ஊர்களிலும், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்து அரித்த வாயுடன் வாழ்வோர் இன்றும் உள்ளனர். புற்றுநோய் காரணமாகத் தாடையின் ஒரு பகுதியை அறுவைச் சிகிச்சையில் இழந்தவர்களும் உள்ளனர். பற்கள் யாவும் கழற்றப்பட்டு, தாடை எலும்பு தேய்ந்து, பொய்ப்பற்களும் நிலைகொள்ளாமல் கஞ்சியுடன் காலத்தைக் கழிக்கும் முதியோரை நாம் ஒவ்வொரு வீட்டிலும் காண்கிறோம். விடைத்தாளில் இருக்கும் எலும்பு, திண்ணையில் இருக்கும் முதியவரின் தாடையை வந்தடைவதில்லை. இந்த இடைவெளியைப் பற்றியே நாம் இன்று பேச விழைகிறோம்.

அண்மைக் காலத்தில் பல் மருத்துவ ஆய்வுகள் பற்றிய செய்திகள் மக்கள் மத்தியில் பெரும் எதிர்பார்ப்பைத் தோற்றுவித்துள்ளன. ஜப்பானின் கியோட்டோ நகரில், பல் முளைப்பதைத் தடுக்கும் ஒரு புரதத்தின் செயலை முடக்கும் மருந்து 2024ஆம் ஆண்டில் மனிதரிடம் பரிசோதிக்கப்படத் தொடங்கியது. விழுந்த பல் மீண்டும் முளைக்கப் போகிறது என்று அச்செய்தி ஊரெங்கும் பரவியது. உண்மையில் அந்த முதற்கட்டப் பரிசோதனை, மருந்து பாதுகாப்பானதா என்பதை அறிவதற்கானது. அதன் பின்னர் அது முதலில் சென்றடைய வேண்டியவர்கள், பிறவியிலேயே பற்கள் உருவாகாத பிள்ளைகள். வயது முதிர்ந்து பல் விழுந்தவர்கள் அதற்காகக் காத்திருப்பதில் இப்போதைக்குப் பயனில்லை.

எனினும், பல்லைத் தாங்கும் எலும்பை மீள வளர்க்கும் துறை வெறும் கனவு அன்று. அது ஏற்கெனவே உலகெங்கும் பல் சிகிச்சை நிலையங்களில் நடைமுறையில் உள்ளது. எமது நாட்டின் நகரங்களிலும் அது வந்துவிட்டது. ஆகவே அதனைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்வது எமது மக்களுக்கு அவசியமாகின்றது. அதிலும் குறிப்பாக, தாடையில் வைக்கப்படும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டினதும் மனச்சாட்சியைத் தொடும் வினாவாகும்.

முதலில் எலும்பு ஏன் இழக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். பல்லின் வேரைச் சுற்றியுள்ள எலும்பு பல்லுக்காகவே வாழ்வது. பல் கழற்றப்பட்டதும் அந்த எலும்புக்கு வேலை இல்லாமற் போகிறது. கொடுப்புப் பல் ஒன்று கழற்றப்பட்டு ஓராண்டு செல்வதற்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துவிடுகிறது. அவ்விழப்பின் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பல் இருக்கும்போதே எலும்பை உண்பது முரசு நோய். நீரிழிவு உள்ளவர்களிடம் முரசு நோய் கடுமையாகிறது. முரசு நோய் கடுமையானால் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. புற்றுநோய், விபத்து, போர்க்காலத்து எறிகணைச் சிதறல் ஆகியவையோ தாடையைத் துண்டாகவே பறித்துவிடுகின்றன.

இவ்வாறு இழந்ததை மீட்கும் முயற்சியில் கடந்த எழுபது ஆண்டுகளில் மனித அறிவு கண்ட வளர்ச்சி வியக்கத்தக்கது. 1952இல் சுவீடனில் பிறேன்மார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான சிறு கருவியொன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து அதனை எடுக்க முனைந்தபோது எடுக்க முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டிருந்தது. தற்செயலாகக் கண்ட அந்த உண்மையிலிருந்தே தாடையில் பதிக்கும் செயற்கைப் பல் வேர் பிறந்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அது பதிக்கப்பட்டது.

அதே 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மார்ஷல் யூறிஸ்ற் மற்றொரு கதவைத் திறந்தார். கனிமம் நீக்கப்பட்ட எலும்பைத் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு உருவானதை அவர் நிரூபித்தார். எலும்புக்குள் எலும்பை உருவாக்கும் கட்டளைப் புரதம் இருப்பது அதிலிருந்து தெரியவந்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்கண்டினேவிய ஆய்வாளர்கள், விரைந்து வளரும் முரசுத் தோலை ஒரு மெல்லிய சவ்வினால் தடுத்துவைத்தால், மெதுவாக வளரும் எலும்பும் பல்லைப் பிணைக்கும் நாரும் தமது இடத்தை மீளப் பிடித்துக்கொள்ளும் என்பதைக் காட்டினர். 2000ஆம் ஆண்டில் பல்லின் உட்கூழிலும், 2003இல் பிள்ளைகளின் பாற்பல்லிலும், 2004இல் பல்லைத் தாங்கும் நாரிலும் ஸ்டெம் செல் எனப்படும் குருத்துக் கலங்கள் கண்டறியப்பட்டன.

2004ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கீல் நகரிலிருந்து வெளிவந்த செய்தி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. புற்றுநோயினால் கீழ்த்தாடையின் பெரும்பகுதியை இழந்திருந்த ஒருவருக்கு, தாடையின் வடிவில் டைட்டேனியக் கூடொன்று செய்யப்பட்டது. அதற்குள் எலும்புக் கனிமமும், எலும்பு வளர்ச்சிப் புரதமும், அவரது சொந்த எலும்பு மச்சையும் இடப்பட்டன. பின்னர் அக்கூடு அவரது முதுகுத் தசைக்குள்ளேயே வைத்து வளர்க்கப்பட்டு, சில வாரங்களின் பின் தாடைக்கு மாற்றப்பட்டது. பல ஆண்டுகளாகத் திண்மையான உணவை மெல்ல முடியாதிருந்த அம்மனிதர் மீண்டும் உணவை மென்றார். மருத்துவ வரலாற்றில் அது ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அந்த நோயாளி பின்னர் இதயம் செயலிழந்து காலமானார் என்பதையும், அம்முறை எங்கும் பரவலான சிகிச்சையாக மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலும்பு வளர்ச்சிப் புரதத்தின் கதையும் இத்தகையதே. முதுகெலும்புச் சிகிச்சைக்காக 2002இலும், தாடைச் சிகிச்சைக்காக 2007இலும் அமெரிக்க அதிகாரிகள் அதற்கு அனுமதி வழங்கினர். 2008இல், அனுமதிக்கப்படாத வகையில் கழுத்துப் பகுதியில் அதனைப் பயன்படுத்தியபோது ஏற்பட்ட கடும் வீக்கம் உயிராபத்தை விளைவித்ததாக அவர்களே எச்சரிக்க நேர்ந்தது. எலும்பை வளரச் சொல்லும் கட்டளை, எங்கே நிற்க வேண்டும் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இன்றைய நடைமுறைக்கு வருவோம். தாடையில் எலும்பு குறைவாக உள்ள ஒருவருக்குப் பல் வைத்தியர் பயன்படுத்தக்கூடிய பொருட்கள் நான்கு வகைப்படும். முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. இரண்டாவது, இறந்த மனிதரிடமிருந்து தானமாகப் பெற்றுச் சுத்திகரிக்கப்பட்ட எலும்பு. மூன்றாவது, விலங்கின் எலும்பு. அதிலும் பெரும்பாலும் மாட்டின் எலும்பு. நான்காவது, ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்படும் செயற்கைக் கனிமம். இவற்றின் மேல் போர்த்தப்படும் சவ்வு பல வேளைகளில் பன்றியின் தோலிலிருந்தோ மாட்டின் தசைநாரிலிருந்தோ பெறப்பட்ட புரதத்தாலானது.

இங்கேதான் எமது வினா எழுகின்றது. பன்றியிலிருந்து பெறப்பட்ட ஒன்று தனது வாயினுள் தைக்கப்படுவதை அறிந்தால் ஒரு முஸ்லிம் நோயாளி எவ்வாறு உணர்வார்? பசுவைத் தாயாகப் போற்றும் சைவக் குடும்பமொன்று, மாட்டெலும்புத் தூள் தமது தந்தையின் தாடையில் நிரப்பப்பட்டதைப் பின்னர் அறிந்தால் எவ்வாறு உணரும்? இவை மருத்துவத்துக்கு எதிரான வினாக்கள் அல்ல. அப்பொருட்கள் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருபவை. அவற்றின் மருத்துவப் பயனை நாம் மறுக்கவில்லை. எமது வினா, அவை எவை என்பது நோயாளிக்கு முன்கூட்டியே, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படுகின்றதா என்பது மட்டுமே.

சொல்லப்பட்டால் ஏற்கப்படாது என்று அஞ்சுவது நோயாளியைக் குறைத்து மதிப்பிடுவதாகும். இஸ்லாமிய சட்ட அறிஞர்கள் இவ்விடயத்தை நெடுங்காலமாகவே ஆராய்ந்து வருகின்றனர். ஒரு பொருள் தன் தன்மையை முற்றாக இழந்து வேறொன்றாக மாறிவிடுவதை அவர்கள் இஸ்திஹாலா என்பர். 1995இல் குவைத்தில் நடைபெற்ற இஸ்லாமிய மருத்துவ அறிவியல் கருத்தரங்கு, அவ்வாறு மாறிய பொருள் தூய்மையானதாகும் என்ற கருத்தை முன்வைத்தது. எல்லா அறிஞர்களும் அதனை ஏற்றுக்கொண்டதாகக் கூற முடியாது. மாற்று வழி இருக்கும்போது தவிர்க்க வேண்டும் என்போர் பலர். உயிர் காக்கும் நிர்ப்பந்தம் வேறு, வசதிக்கான சிகிச்சை வேறு என்ற வேறுபாடும் அவர்களால் எடுத்துக்காட்டப்படுகின்றது. சைவ மக்களிடையேயும் ஒவ்வொருவரின் மனநிலை ஒவ்வொரு விதமானது. அந்த முடிவை எடுக்கும் உரிமை நோயாளிக்கும் அவரது குடும்பத்துக்கும் உரியதே தவிர, சிகிச்சை நிலையத்துக்கோ இறக்குமதியாளருக்கோ உரியது அல்ல.

நான்கு வகையிலும் செயற்கைக் கனிமமே எவரது நம்பிக்கையையும் புண்படுத்தாதது. எலும்பின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமமாகும். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த அக்கனிமத்தை ஹைட்ரொக்சி அபற்றைற் என்பர். அதனை ஆய்வுகூடத்தில் உருவாக்க முடியும். 1974இலேயே, கடற்பவளத்தின் சுண்ணாம்பை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இக்கனிமமாக மாற்றலாம் என அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். பவளத்தின் நுண்துளைகள் எலும்பின் துளைகளை ஒத்திருந்தமையே அதற்குக் காரணம். கடல்வாழ் உயிர்களின் சுண்ணாம்பு படிந்து உருவான சுண்ணக்கல்லின் மீதே எமது குடாநாடு நிற்கின்றது. ஆயினும் பவளப்பாறைகளை நாம் தொடக்கூடாது. அவற்றை அகழ்வது எமது நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது, கரையைக் காப்பவையும் அவையே. அதே கனிமத்தை உருவாக்க வேறு வழிகள் பல உள்ளன.

அந்த வழிகளுக்கான மூலப்பொருட்களும் எமது காலடியிலேயே கிடக்கின்றன. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் பெரும் பொஸ்பேற் படிவு உள்ளது. அது இன்று முதன்மையாக உரமாகவே பயன்படுகின்றது. அப்படிவிலிருந்து மருத்துவத் தரமுள்ள எலும்புக் கனிமத்தைப் பெறும் வழிகளை எமது நாட்டு விஞ்ஞானிகள் ஆய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் கரையோரத்திலுள்ள புல்மோட்டையின் கனிய மணலில், செயற்கைப் பல் வேருக்கான டைட்டேனியத்தின் மூலமான இல்மனைற்றும், பல்லுக்கு அணிவிக்கப்படும் வெண்ணிற உறையான சிர்கோனியாவின் மூலமான சிர்க்கனும் உண்டு. அந்த மணல் மணலாகவே கப்பலேறுகின்றது. பின்னர் அதே உலோகம் வேறொரு நாட்டின் பெயர் பொறிக்கப்பட்ட சிறு பெட்டியில், எமது சாதாரண குடும்பமொன்றினால் எட்ட முடியாத விலையில் வந்திறங்குகின்றது.

இதனைக் கூறும்போது மிகையான நம்பிக்கையை விதைக்க நாம் விரும்பவில்லை. மணலை உலோகமாக்குவதற்குப் பெரும் மின்சக்தியும் பெரும் முதலீடும் தேவை. அது நாளையே நடக்கக்கூடியதன்று. செயற்கை எலும்புக் கனிமம் அப்படிப்பட்டதன்று. அதனை ஆய்வளவில் தயாரிக்க ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் ஆய்வுகூடமே போதுமானது. அதன் எல்லையும் தெளிவாகவே அறியப்பட்டுள்ளது. பல் கழற்றிய குழியையும் எலும்பிலுள்ள சிறு இடைவெளியையும் அது நிரப்பும். அதன் மீது எலும்பு படர்ந்து வளரும். புற்றுநோய்க்காக அரைத் தாடை அகற்றப்பட்டவருக்கு அது மட்டும் போதாது. அவருக்கு இன்றும் சிறந்த வழி, முழங்காலுக்குக் கீழே புறப்பக்கமாகவுள்ள மெல்லிய எலும்பை அதன் இரத்தக் குழாய்களுடன் எடுத்துத் தாடையாக அமைப்பதாகும். அதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற அறுவைச் சிகிச்சைக் குழுவும் நேரமும் ஆகும்.

அயல்நாட்டு அனுபவம் எமக்கு ஊக்கமளிப்பதாக உள்ளது. கேரளாவின் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், வெளிநாட்டு இதய வால்வுகள் ஏழைகளுக்கு எட்டாதவையாக இருந்த காலத்தில், சொந்தமாக ஒரு வால்வை வடிவமைத்து 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. எலும்பை நிரப்பும் செயற்கைக் கனிமப் பொருட்களையும் அதே நிறுவனம் உருவாக்கியுள்ளது. எமது நாட்டிலேயே, கண்தானத்தால் உலகப் புகழ் பெற்ற ஹட்சன் சில்வா அவர்களின் முயற்சியால் கொழும்பில் மனித இழைய வங்கி உருவானது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியுடன், தானமாகப் பெறப்பட்ட எலும்பையும் தோலையும் காமாக் கதிரால் சுத்திகரித்து வழங்கும் வசதி அங்கு ஏற்படுத்தப்பட்டது. சிறிய நாடு என்பது சாதிக்காமலிருப்பதற்கான காரணமாகாது என்பதற்கு இது எமது வீட்டுச் சான்று.

தமிழ் பேசும் மக்களின் கல்வி நிறுவனங்கள் இதில் எங்கே நிற்கின்றன? நீண்ட காலமாக இந்த நாட்டில் பல் மருத்துவப் பட்டம் பெற வேண்டுமாயின் பேராதனைக்கே செல்ல வேண்டியிருந்தது. இன்று ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலும் அத்துறைக்குப் பீடம் உண்டு. வடக்கிலோ கிழக்கிலோ பல் மருத்துவப் பீடம் இல்லை. மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி சற்றுக் குறைந்துவிட்டது, அதனால் பல் மருத்துவம் கிடைத்தது என்று எமது சமூகம் அனுதாபத்துடன் சொல்லும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. ஒரு துறையை ஆறுதல் பரிசாகக் கருதும் சமூகம் அத்துறையில் ஆய்வாளர்களை எதிர்பார்க்க முடியாது.

பீடம் ஒன்று உருவாகும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் உண்டு. பௌதிகவியல், இரசாயனவியல் துறைகள் உண்டு. கிளிநொச்சியில் பொறியியற் பீடம் உண்டு. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பொறியியலையும் தொழினுட்பத்தையும் கற்பிக்கின்றது. எலும்புக் கனிமத்தை ஒருவர் தயாரிக்க, அதன் உறுதியை இன்னொருவர் அளக்க, அதன் பாதுகாப்பை மற்றொருவர் ஆராய, பேராதனை அறிஞர்கள் நோயாளிகளிடம் பரிசோதிக்கும் நெறிமுறையை வகுக்கலாம். தமிழ், முஸ்லிம், சிங்கள ஆய்வாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, மூன்று சமூகங்களின் நோயாளிகளும் தயக்கமின்றி ஏற்கக்கூடிய ஒரு பொருளை உருவாக்குவது அறிவியல் வெற்றி மட்டுமன்று.

இவை யாவற்றுக்கும் முன்பாகச் செய்யவேண்டிய ஒன்று உண்டு. இழக்க வேண்டியில்லாத எலும்பை இழக்காதிருப்பதே அது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை சென்று எமக்குச் செல்வம் சேர்த்தது. அதற்கான விலையை எமது வாய்களே கொடுத்தன. புகையிலை இல்லாமல் வெறும் பாக்குப் போட்டால் தீங்கில்லை என்று நம்புவோர் அநேகர். பாக்கே மனிதரில் புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிபடக் கூறியுள்ளது. பாக்கு வாயின் உட்தோலை நாராக இறுக்கி, வாயைத் திறக்க முடியாமற் செய்கின்றது. அது புற்றுநோயின் வாசற்படி.

திருமண வீட்டில் வெற்றிலைத் தட்டமும், கிழக்கின் முஸ்லிம் இல்லங்களில் விருந்தினர் முன் வைக்கப்படும் வட்டாவும் எமது பண்பாட்டின் அடையாளங்கள் என்பதை நாம் அறிவோம். தட்டத்தை வைப்பது மரியாதை. அதிலுள்ளதை நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது மரியாதையின் பகுதி அல்ல. புகையற்ற புகையிலைப் பொருட்களின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் 2016இல் தடைசெய்யப்பட்டன. சட்டம் மட்டும் கடைக்கு முன் தொங்கும் வெற்றிலைக் கூற்றை நிறுத்திவிடாது. வேப்பங்குச்சியைப் போற்றிய சைவ மரபும், தொழுகையோடு மிஸ்வாக்கை இணைத்த இஸ்லாமிய மரபும் வாய்த் தூய்மையை வழிபாட்டின் வாசலிலேயே வைத்துள்ளன. செல்வச்சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பூசை செய்கின்றார். வாயை இத்தனை கவனத்துடன் நோக்கிய மக்கள், அதிலேற்படும் புண்ணை அலட்சியம் செய்வது முரண்பாடாகும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், காரணமின்றி ஆடும் பல், வாய் திறப்பதில் வரும் இறுக்கம் ஆகியவற்றைக் காண்பதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்தால் அவர்களே கிராமங்களில் இந்நோயை இனங்காண முடியும் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வொன்று 1984லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எடுத்துக்காட்டியது. திருவனந்தபுரத்தில் பயிற்றப்பட்ட பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்வையிட்டதனால், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதத்தால் குறைந்ததாக 2005இல் வெளியான ஆய்வு கூறியது. ஒரு கைவிளக்கும் பயிற்சி பெற்ற கண்ணும் காக்கும் தாடையை, கோடி ரூபா ஆய்வும் முழுமையாக மீட்டுத் தராது.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வடபகுதி மக்கள் மஹரகம வரை செல்ல வேண்டியிருந்த துயரத்தை அது பெருமளவு தணித்தது. கதிர்ச் சிகிச்சை பெறும் தாடையின் எலும்பு, பின்னர் ஒரு பல்லைக் கழற்றினாலும் ஆற முடியாமல் அழுகிவிடும் ஆபத்து உண்டு. ஆதலால் கதிர்ச் சிகிச்சைக்கு முன்னரே பற்களைப் பரிசோதித்துச் சீர்செய்துகொள்ள வேண்டும். இந்தச் சிறு அறிவு ஒவ்வொரு நோயாளியின் குடும்பத்துக்கும் தமிழில் எழுத்து மூலம் வழங்கப்பட வேண்டும்.

வளர்ந்துவரும் மற்றொரு ஆபத்தையும் சுட்டிக்காட்டுவது எமது கடமை. பிள்ளையின் பாற்பல்லைப் பணம் செலுத்திச் சேமித்து வைத்தால் எதிர்காலத்தில் எந்த நோய்க்கும் மருந்தாகும் என்ற விளம்பரங்கள் பல நாடுகளில் நடமாடுகின்றன. பாற்பல்லில் குருத்துக் கலங்கள் உள்ளமை உண்மை. அவற்றால் இன்று எல்லா நோயும் தீரும் என்பது உண்மை அன்று. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணத்தில் இத்தகைய வாக்குறுதிகளை வாங்குவதற்கு முன்னர், அச்சிகிச்சை எந்நாட்டில், எந்த நோய்க்கு, யாரால் அங்கீகரிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். விடை தெளிவாகக் கிடைக்காவிடின் அதுவே விடையாகும்.

ஆகவே நாம் வேண்டுவன சில. எலும்பு நிரப்பிகளினதும் சவ்வுகளினதும் மூலம் மனிதரா, மாடா, பன்றியா, செயற்கையா என்பது மும்மொழிகளிலும் பொதியில் குறிப்பிடப்பட வேண்டும். இதனைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கட்டாயமாக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழியாக உள்ள நாட்டில், தமிழ் பேசும் நோயாளி தமக்கு விளங்காத மொழியில் சம்மதக் கையொப்பமிடும் நிலை தொடரக்கூடாது. வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்கள் செயற்கை எலும்புப் பொருள் ஆய்வைக் கூட்டாகத் தொடங்க வேண்டும். ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தமது வளவுகளில் வாய்ப் பரிசோதனை முகாம்களுக்கு இடமளிக்க வேண்டும். சந்நிதியின் திருவிழாக் காலத்தில் கூடும் அடியார்களில் ஒரு பகுதியினரின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டாலே பல தாடைகள் காக்கப்படும்.

வாசகர்களிடமும் நாம் ஒன்றை வேண்டுகிறோம். அடுத்த முறை பல் வைத்தியரிடம் எலும்பு வைப்பதற்காகச் செல்லும்போது, மரியாதையுடன், ஆனால் தயங்காமல் கேளுங்கள்: இந்த எலும்பு எங்கிருந்து வந்தது? வேறு வகை உண்டா? அதன் விலை என்ன, பயன் என்ன? கேட்கும் நோயாளியை நல்ல வைத்தியர் வரவேற்பார். கேட்கப்படும் வினாவே ஆய்வைத் தூண்டும், இறக்குமதியாளரை நேர்மைப்படுத்தும், சட்டத்தை உருவாக்கும்.

தொண்டைமானாற்றின் வினாத்தாள்கள் பல தலைமுறை மாணவர்களுக்கு விடையெழுதக் கற்றுக்கொடுத்தன. அவ்வினாத்தாளை எழுதிய பிள்ளைகளில் ஒருவர், தமது பாட்டனாரின் தாடைக்கு உரிய விடையைக் கண்டுபிடித்துக்கொண்டு ஊர் திரும்பும் நாளையே நாம் எதிர்பார்த்திருக்கிறோம். அதற்கு முன்னதாக, பாட்டனாரின் வாயை ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்வது இன்றே, அந்தப் பிள்ளையாலும் எம் ஒவ்வொருவராலும் இயலக்கூடிய காரியமாகும்.